பழி பிரெக்ட் மேல்

நாடகம் படித்தால் நடிக்க வரும் என்று நம்பித்தான் நாடகத் துறையில் சேர்ந்தேன். நடிப்பு வரவில்லை. அது ஏன் வரவில்லை என்று காரணம் சொல்ல மட்டும் பிரமாதமாக வந்தது. உலகத்து நாடக மேதைகள் ஆளுக்கொரு கோட்பாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எனக்கென்று ஒரு சாக்கு இருந்தது.

முதலில் மாட்டியவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். நடிப்பைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று காட்டியவர். பாத்திரத்தின் துயரம் பிடிபடவில்லையா, உன் வாழ்க்கையில் நடந்த துயரத்தைத் தேடு, அந்த நேரத்து ஓசையையும் வாசனையையும் நினைவுக்குக் கொண்டு வா, உணர்ச்சி தானாக வரும் என்பது அவர் ஒரு காலத்தில் சொன்ன வழி. பயிற்சி வகுப்பில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்தோம். நான் பாட்டி இறந்த நாட்களைத் தேடிப் போனேன். பாட்டி என்றால் எனக்கு உயிர். ஆனால் வாசனை என்றதும் நினைவுக்கு வந்தது பதினாறாம் நாள் காரியத்தில் போட்ட மெதுவடைதான். பக்கத்தில் இருந்தவள் தேம்பித் தேம்பி அழ, கண்ணில் வரவேண்டிய நீர் எனக்கு வாயில் ஊறியது.

"என்னப்பா, ஒண்ணும் வரலையா?" என்றார் ஆசிரியர்.

"உள்ளுக்குள்ள ஓடிட்டிருக்கு சார்" என்றேன்.

உள்ளே ஓடுவதை நம்பிச் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியுமா? தலைவலித் தைலத்தைக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு மேடையேறினேன். அளவு கூடிப்போயிற்று. கண்ணீர் கொட்டியது; கண்தான் திறக்கவில்லை. சாகக் கிடக்கும் அப்பாவிடம் மகன் விடைபெறும் காட்சி. அப்பா கட்டிலில் கிடக்க, நான் ஓரத்தில் தொங்கிய திரைச்சீலையைக் கட்டிப் பிடித்து உருகி உருகி விடைபெற்றேன். அப்பாவாகப் படுத்திருந்த நண்பனின் வயிறு குலுங்கியதைக் கடைசி மூச்சு என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்தானிஸ்லாவ்ஸ்கி 1938-இல் இறக்கும்வரை தன் முறையைத் தானே திருத்திக்கொண்டிருந்தார். உணர்ச்சியைத் துரத்தாதே, பாத்திரம் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களை உடம்பால் ஒழுங்காகச் செய், உணர்ச்சி பின்னாலேயே வரும் என்ற இடத்துக்குக் கடைசியில் வந்து சேர்ந்தார். நான் அந்த அத்தியாயம்வரை படிக்கவில்லை. அப்பாவின் கட்டில் எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பதும் ஒரு சின்னக் காரியம்தான் என்பது அதனால் தெரியாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு பாடத்தில் பிரெக்ட் வந்தார். எனக்கு விடுதலை கிடைத்தது. பார்ப்பவர் கதைக்குள் கரைந்துவிடக் கூடாது, தள்ளி நின்று யோசிக்க வேண்டும். நடிகனும் பாத்திரமாகவே மாறிவிட வேண்டியதில்லை, பாத்திரத்தை எடுத்துக் காட்டினால் போதும் என்றார் அவர். எனக்குப் 'போதும்' மட்டும் காதில் விழுந்தது.

ஆண்டு விழா நாடகத்தில் நான் மந்திரி. "என்ன சேதி?" என்று அரசன் கேட்டான். சேதி மறந்துவிட்டது. எதிரிப் படை எல்லைக்கு வந்துவிட்டதா, இளவரசிக்குக் காய்ச்சலா என்பதுகூட நினைவில்லை. அரசன் மறுபடி கேட்டான். நான் சபையின் பக்கம் திரும்பி, "சேதி என்னவென்று நீங்களே யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பாவம், யார்மேல் படையெடுப்பது என்று தெரியாமலே அரசன் அடுத்த காட்சியில் போருக்குக் கிளம்பினான்.

"அந்நியமாக்கல் உத்தி சார்" என்று விளக்கம் கொடுத்தேன்.

ஆசிரியர் கோபப்படவில்லை. "பிரெக்ட் ஜனங்களைத்தான் கதையிலேருந்து தள்ளி நிக்கச் சொன்னார். உன்னை வசனத்துலேருந்து தள்ளி நிக்கச் சொல்லல" என்றார். பிறகு ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். 1949-இல் பெர்லினில் நடந்த 'மதர் கரேஜ்' நாடகம். மகனைச் சுட்டுக் கொல்லும் சத்தம் கேட்கிற இடத்தில், பிரெக்டின் மனைவி ஹெலன் வைகல் தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறக்கிறார். குரல் மட்டும் வருவதில்லை. அந்த நாடகத்தில் யார் எங்கே நின்றார்கள், எப்படித் திரும்பினார்கள் என்பதைக் காட்சி காட்சியாகப் படம் பிடித்துத் தொகுத்தே வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாளுக்குக் குரல் வராததற்குப் பின்னால் அவ்வளவு ஒத்திகை இருந்தது. எனக்குக் குரல் வராததற்குக் காரணம், நான் ஒத்திகைக்கே ஒழுங்காகப் போகாததுதான்.

போலந்துக்காரர் குரோட்டோவ்ஸ்கியின் 'ஏழை அரங்கு' இன்னும் வசதி. ஒப்பனை, அலங்காரம், ஒளி எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் நடிகனும் பார்ப்பவனும் இருந்தால் நாடகம் இருக்கும் என்பவர் அவர். சிம்மாசனம் செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்த சமயத்தில் அவரை நான் படித்தது அரசனின் போதாத காலம். அட்டை வாங்கவில்லை, பசை காய்ச்சவில்லை. அரசன் கேண்டீன் ஸ்டூலில் உட்கார்ந்து நாட்டை ஆண்டான். கழித்ததற்கெல்லாம் ஈடாக நடிகனின் உடம்பையும் குரலையும் கசக்கிப் பிழியும் பயிற்சியைக் குரோட்டோவ்ஸ்கி வைத்திருந்தார். எங்கள் துறையில் உடற்பயிற்சி வகுப்பு காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் அவருடைய புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்து நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

தமிழ் மரபையும் நான் விட்டுவைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தேர்வில் கேட்டால் வெளுத்து வாங்குவேன். 24 விரல் கொண்டது ஒரு கோல். மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை. தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதுவரை இளங்கோ யோசித்திருப்பதைப் பக்கம் பக்கமாக வியந்து எழுதினேன். அதைப் படித்து ஏமாந்துபோய் ஒளியமைப்பை என்னிடம் கொடுத்தார்கள். விளக்குக்கும் மேடைக்கும் நடுவே நின்றுகொண்டு நானே ஆவலாக நாடகம் பார்த்தேன். ஒளி போடுகிறவனே தூணாக வந்து நிற்பான் என்று இளங்கோ எதிர்பார்த்திருக்க மாட்டார். கோவலன் என் தலையின் நிழலிலேயே வெட்டுப்பட்டுச் செத்தான். "தோல்பாவைக்கூத்தின் தாக்கம்" என்றேன்.

கையும் களவுமாகப் பிடிபட்டது தெருக்கூத்தில். செய்யாறு பக்கம் ஒரு ஊரில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. விடிய விடியக் கூத்து. கட்டியங்காரனைப் பற்றிக் கட்டுரை எழுத, நோட்டும் பேனாவுமாக முன்னால் போய் உட்கார்ந்தேன். கட்டியங்காரன் அரசனின் ஏவலாளாகக் கதைக்குள் நிற்பான். சட்டென்று வெளியே வந்து ஊர்க்காரர்களோடு பேசுவான். அரசனையே கிண்டலும் செய்வான். பிரெக்ட் 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, சீன நடிப்பை முன்வைத்து அந்நியமாக்கலைப் பற்றி எழுதினார். 'அவர் மட்டும் செய்யாற்றுக்கு வந்திருந்தால்...' என்று ஓர் அருமையான வாக்கியத்தைத் தொடங்கினேன். அது முடியுமுன் தூங்கிவிட்டேன்.

மிருதங்கம் சட்டென்று நின்றதில் விழிப்பு வந்தது. ஊரே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. துரியோதனனுக்கு முன்னால் கைகட்டி நின்று கட்டியங்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மகாராஜா, பட்டணத்துலேருந்து கணக்கப்பிள்ளை ஒருத்தர் வந்துகீறாரு. நம்ம ராஜ்ஜியத்துல யார் யார் தூங்குறாங்கன்னு கணக்கு எழுதுறாராம். மொதப் பேரு அவரு பேருதான்." சிரிப்பு அடங்குமுன் ஆர்மோனியம் சுருதி பிடித்தது, பின்பாட்டுக்காரர்கள் எடுத்தார்கள், கதை விட்ட இடத்திலிருந்து கிளம்பிவிட்டது.

காலையில் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அரிதாரம் காதோரத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. அடுத்து வயலுக்குப் போக வேண்டுமாம். "தப்பா நெனச்சிக்காத தம்பி. கூத்து கொஞ்சம் தொய்ஞ்ச நேரம். உன்ன வச்சித் தூக்கிட்டோம்" என்றார். என் தூக்கத்தைக்கூட வீணாக்காமல் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொண்டவர் அவர். நானோ நாடக உலகம் சேர்த்து வைத்ததையெல்லாம் கொண்டுவந்து என் தூக்கத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஞானம் கட்டுரையில் வந்ததா என்று கேட்காதீர்கள். 'பார்வையாளர் பங்கேற்பு: ஒரு நேரடி அனுபவம்' என்று தலைப்பிட்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு சின்ன நாடகக் குழுவில் ஒட்டிக்கொண்டேன். நடிக்க வேண்டாம், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடு என்றார்கள். பிரதி கையிலேயே இருக்கிறது, மறக்க வழியில்லை. ஆனால் காட்சியில் சொக்கிப்போய்ப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டேன். நாயகி திணறியபோது நான் எடுத்துக் கொடுத்தது முந்தைய காட்சியின் வசனம். ஏற்கெனவே செத்துப்போயிருந்த மாமனாரை அவள் காப்பி குடிக்கக் கூப்பிட்டாள். அபத்த நாடகத்தில் இதற்கு இடம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். இயக்குநர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இப்போது வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன். பாதியை வருகிறவர் கையில் கொடுத்து, பாதியை டப்பாவில் போட வேண்டும். இந்த வேலையைப் பற்றி ஸ்தானிஸ்லாவ்ஸ்கியோ பிரெக்டோ சொன்னதாக ஒரு வார்த்தையும் என் கண்ணில் படவில்லை. அதனால் ஒழுங்காகச் செய்து வருகிறேன்.