நிமிர்த்தவும் வளைக்கவும் ஒரே படை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 166 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடிய கிஸ்ஸிம்மீ ஆறு, வெள்ளக் கட்டுப்பாட்டின் பெயரால் 1962 முதல் 1971 வரை இராணுவப் பொறியாளர் படையால் நிமிர்த்தப்பட்டு, 90 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயாக மாறியது. தண்ணீர் ஒக்கச்சோபி ஏரிக்கு விரைவாகப் போய்ச் சேர்ந்தது. ஆறு கரைமீறிப் பரவுவதற்கென்றே இயற்கை ஒதுக்கியிருந்த தாழ்நிலமாகிய வெள்ளச் சமவெளி காய்ந்ததால், குளிர்காலத்தைக் கழிக்க வந்த நீர்ப்பறவைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வராமலே நின்றுவிட்டன.

தவறு புரிந்தபின், ஆற்றை மீண்டும் வளைக்க 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்க, 1999இல் தொடங்கிய பணியை அதே பொறியாளர் படை 2021இல் முடித்தது. முன்பு தோண்டிய கால்வாயில் சுமார் 35 கிலோமீட்டரைத் தூர்த்து, சுமார் 70 கிலோமீட்டர் ஆற்றை மீட்பதற்கு, தோண்டியபோது செலவானதைப் போலப் பன்மடங்கு டாலர் செலவாயிற்று. பறவைகள் திரும்பி வந்தன என்பதும், ஒரு தலைமுறைக்கு வெட்டவும் அடுத்த தலைமுறைக்குத் தூர்க்கவும் வேலை கிடைத்தது என்பதும் உண்மையாதலால், இயற்கைக்கும் மக்களுக்கும் ஒருங்கே பயன்தரும் திட்டம் என்று இதனைத் தயங்காமல் கூறலாம்.

தொடக்கத்திலேயே ஆற்றை அதன் போக்கில் விட்டிருந்தால் இரு செலவுகளும் மிச்சமாகியிருக்கும். ஆயினும், சும்மா இருப்பதற்கு எந்த அரசும் ஒப்பந்தப்புள்ளி கோருவதில்லை.