மூன்று பேருக்கு ஒரு ஸ்டூல்

லண்டனில் பேஸ்வாட்டர் என்கிற பேட்டையில் வில்லியம் ஒயிட்லி என்று ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி இருந்தார். பூர்வீகம் யார்க்‌ஷயர், அண்ணாச்சி என்பது நான் கொடுக்கும் பட்டம். 1863-ல் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு ரிப்பனும் லேசும் விற்க ஆரம்பித்தார். இரண்டு பேரில் ஒருவரை நாலு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு சம்பளம் மிச்சம். பக்கத்துக் கடை, அதற்குப் பக்கத்துக் கடை என்று வாங்கிப் போட்டு, கொஞ்ச காலத்தில் தெருவையே வளைத்துவிட்டார். குண்டூசியிலிருந்து யானை வரை எது கேட்டாலும் தருவேன் என்பது அவருடைய பீற்றல். ஒரு குசும்புக்காரர் நிஜமாகவே யானைக்கு ஆர்டர் கொடுக்க, அன்றைக்கே யானை வாசலில் வந்து நின்றதாக ஒரு கதை உண்டு. ஜவுளி போதாதென்று இறைச்சியும் விற்கப் புகுந்தபோது, அந்த வட்டாரத்துக் கசாப்புக் கடைக்காரர்கள் 1876-ல் அவருக்குக் கொடும்பாவி கட்டிக் கொளுத்தினார்கள். 1880-களில் கடையே அடிக்கடி தீப்பிடித்து எரிந்தது. தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று ஊரே பேசிக்கொண்டது. வைக்கக்கூடியவர்களின் பட்டியல் கொஞ்சம் நீளம்.

அந்தப் பட்டியலில் அவருடைய சிப்பந்திகளை நான் சேர்க்க மாட்டேன். அவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. காலை ஏழு மணிக்கு வந்தால் இரவு பதினொன்று வரை வேலை, வாரத்தில் ஆறு நாள். அதோடு 176 விதிகள். மோசஸுக்கே கடவுள் பத்துக் கட்டளைதான் கொடுத்தார்; அவருக்கு ஜவுளி வியாபாரம் தெரியாது.

ஒயிட்லி மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் பெரிய ஜவுளிக்கடைகளின் சிப்பந்திகள் முதலாளி கொடுத்த இடத்தில்தான் தங்க வேண்டும், முதலாளி போட்ட சோற்றைத்தான் தின்ன வேண்டும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அறையையும் சோற்றையும் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கலாம். இரவு நேரம் தாண்டி வந்தால் கதவைச் சாத்திவிடலாம். கல்யாணம் செய்துகொண்டு எங்கே குடித்தனம் போடுவது என்று தெரியாமல் பையன்கள் முப்பது, முப்பத்தைந்து வயது வரை பிரம்மச்சாரிகளாகவே துணி மடித்தார்கள். இன்னொரு விசேஷம்: அப்போது ஓட்டு என்பது வீட்டுக்காரர், வாடகைதாரர் சமாசாரம். முதலாளியின் கொட்டடியில் படுக்கிறவனுக்கு ஓட்டும் இல்லை. உலகத்தில் கால்வாசியை ஆண்ட சாம்ராஜ்யத்தின் தலைநகரத்தில், கழுத்துப்பட்டை கட்டிய வளர்ந்த ஆம்பிளை ஒருவன், இரவு வெளியே போவதற்கு ஹாஸ்டல் பையன் மாதிரி அனுமதி கேட்டுக்கொண்டிருந்தான்.

அபராதம் தனி அத்தியாயம். தாமதமாக வந்தால் பிடித்தம். பில்லில் தப்புப் போட்டால் பிடித்தம். வந்த வாடிக்கையாளர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டால் மேஸ்திரியிடம் அழைத்துப் போய் ஒப்புவிக்க வேண்டும். அப்படி நாலைந்து பேர் வெறுங்கையோடு போனால் அடுத்து இவர் போக வேண்டியதுதான். வாங்க வந்தவருக்கு மனசில்லை என்றால் விற்க நின்றவருக்கு வேலையில்லை. 1896-ல் பார்லிமென்ட் தலையிட்டு, அபராதம் நியாயமாக இருக்க வேண்டும், வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. முதலாளிகளுக்கு அச்சகச் செலவு கொஞ்சம் கூடியது.

பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரான எச்.ஜி. வெல்ஸ், பையனாக இருந்தபோது சவுத்சீ ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் 17 மைல் நடந்தே அம்மாவிடம் ஓடிப்போனார். கால இயந்திரம், செவ்வாய்க்கிரகத்து ஆசாமிகள் என்று அவர் பின்னால் எழுதியதற்கெல்லாம் காரணம், எப்படியாவது அந்தக் கவுன்டரை விட்டுத் தொலைதூரம் போக வேண்டும் என்ற எண்ணம்தான் என்பது என் சொந்த ஆராய்ச்சி. யாரும் டாக்டர் பட்டம் தரவில்லை.

இவ்வளவு அநியாயம் நடந்தால் சங்கம் வைத்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. 1888-ல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். மறு வருஷம் துறைமுகக் கூலிகள் ஜெயித்தார்கள். சுரங்கக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. கடைச் சிப்பந்தி மட்டும் அசையவில்லை. அவரைத் தடுத்தது போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை. கோட்டு.

ஆமாம், கோட்டுதான். கருப்புக் கோட்டு, கஞ்சி போட்ட காலர், கையில் அழுக்குப் படாத உத்தியோகம். சீமாட்டிகளோடு தினமும் பேசுகிறவர். சங்கம் என்பது துணித்தொப்பி போட்டவர்கள், தெருவில் நின்று கத்துகிறவர்கள் வைத்துக்கொள்வது. நம்மைப் போன்ற கனவான்களுக்கு அது அழகா? பெண்களும் அப்படித்தான். வீட்டு வேலைக்குப் போகாமல் கடைக்கு வந்ததே ஒரு படி மேலே ஏறியதாகக் கணக்கு. அந்தப் படியில் பதினாறு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது கணக்கில் வராது. முதலாளிக்கு இது தெரியும். சம்பளத்தில் குறைத்ததை அவர் கௌரவத்தில் போட்டுக் கொடுத்தார்; கௌரவத்துக்கு அவருக்குக் கொள்முதல் விலை கிடையாது. இதைப் படிக்கிறவர்களில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போட்டுக்கொண்டு, 'எங்களுக்கு எதுக்கு சார் யூனியன்?' என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்துகொள்ளலாம்.

சங்கம் வேண்டாம், ஆனால் சீக்கிரம் கடையை மூடினால் தேவலை. அதற்கு ஒரு கனவான் வழி இருந்தது. 1840-களிலேயே 'சீக்கிரம் மூடுவோம்' இயக்கம் ஒன்று கிளம்பியது. முதலாளிகளைக் கட்டாயப்படுத்துவது நாகரிகம் இல்லை என்பதால், மனம் மாறும்படி கேட்டுக்கொண்டார்கள். சீமாட்டிகளிடம், தயவுசெய்து ராத்திரி கடைக்கு வராதீர்கள் என்று கெஞ்சினார்கள். பாதிரியார்கள் பிரசங்கம் செய்தார்கள். தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சீக்கிரம் மூட ஒத்துக்கொள்வார்கள். பதினோராவது ஆசாமி விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் பத்துப் பேரும் திறந்துவிடுவார்கள். இந்த ஆட்டம் பல பத்து வருஷம் நடந்தது.

கடைசியில் உதவிக்கு வந்தவர் எறும்பு வளர்க்கிறவர்.

ஜான் லப்பக் ஒரு பாங்கர், பார்லிமென்ட் உறுப்பினர், சார்லஸ் டார்வினின் பக்கத்து வீட்டுக்காரர். பொழுதுபோக்குக்கு வீட்டில் எறும்புப் புற்று வைத்திருந்தார். எறும்புகளுக்குச் சாராயம் கொடுத்து மயக்கிப் போட்டுவிட்டு, மற்ற எறும்புகள் என்ன செய்கின்றன என்று குறிப்பெடுத்தார். சொந்தப் புற்றின் குடிகாரனைப் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வீட்டில் சேர்த்தன. அடுத்த புற்றுக்காரனைத் தண்ணீரில் தள்ளின. தன் நாய்க்கு அட்டையில் எழுதி வாசிக்கச் சொல்லிக் கொடுக்கவும் முயன்றார். இப்படிப்பட்டவருக்குத்தான் கடைச் சிப்பந்திகள் மேல் அக்கறை வந்தது. 1871-ல் நாட்டுக்கு பாங்க் விடுமுறை நாட்களை வாங்கிக் கொடுத்தவரும் இவரே. ஜனங்கள் சந்தோஷத்தில் அவரை 'புனித லப்பக்' ஆக்கினார்கள். வாட்டிகனைக் கேட்கவில்லை.

1886-ல் அவர் கொண்டுவந்த சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் கடையில் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. சாப்பாட்டு நேரமும் அதில் அடக்கம். தப்பாகப் படிக்கவில்லை, எழுபத்து நாலுதான், இது சலுகை. அந்தச் சலுகையையும் யாராவது மீறுகிறார்களா என்று பார்க்க ஒரு இன்ஸ்பெக்டரைக்கூடச் சட்டம் போடவில்லை. கவனிக்க ஆள் இல்லாத சட்டம் எப்படி நடக்கும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

பிறகு 1899-ல் நாற்காலிச் சட்டம் வந்தது. பெண் சிப்பந்திகள் உள்ள கடையில் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும். எந்தக் கணக்கில் மூன்று? ஒருத்தி உட்கார இரண்டு பேர் பொறாமைப்படலாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குக் கால் வலிக்காது என்பது பார்லிமென்டின் மருத்துவக் கருத்து. முதலாளிகள் சட்டத்தை மதித்து ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அதில் உட்கார்ந்தவளை மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் பல கடைகளில் ஸ்டூல் அலங்காரப் பொருளாகவே வாழ்ந்து மறைந்தது.

சிரிக்காதீர்கள். நம் மாநிலத்தில் அந்த ஸ்டூல் வந்தது 2021-ல். அந்த வருஷம் செப்டம்பரில் சட்டசபையில் மசோதா கொண்டுவந்து, கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். லண்டனிலிருந்து சென்னைக்கு 122 வருஷம். பாய்மரக் கப்பலில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி டீ குடித்துவிட்டு வந்திருந்தாலும் முன்னால் வந்திருக்கும். கேரளத்தில் மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டது. அங்கே கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' தோழிகளும், கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று ஆரம்பித்து, உட்காரவும் விடுங்கள் என்று கேட்கும் வரை ஓயவில்லை. எங்களுக்குக் கோட்டு இருக்கிறது என்று அவர்களில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

லண்டனுக்குத் திரும்புவோம். நாற்காலி வருவதற்குச் சில வருஷம் முன்னால் சாமர்செட் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே வந்து சேர்ந்தாள். பெயர் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட். பதினாலு வயதிலேயே கடை வேலைக்கு வந்தவள். லண்டனில் வேலை கிடைக்கவே மாசக் கணக்கில் அலைந்தாள். ஒருநாள் பசிக்கு ஒரு பென்னிக்கு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினாள். அதைச் சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளில், கடைச் சிப்பந்திகளே சங்கத்தில் சேருங்கள் என்று சங்கச் செயலாளர் எழுதிய கடிதம் அச்சாகியிருந்தது. மீனைத் தின்றாள், தாளைப் படித்தாள், சங்கத்தில் சேர்ந்தாள். 1891-ல் தொடங்கிய அந்தச் சங்கம் பிரசாரத்துக்கு என்னென்னவோ செலவழித்திருக்கும். அவர்களுடைய மிகச் சிறந்த அமைப்பாளர் ஒரு வறுவல் கடைக்காரர். அவருக்குச் சந்தா விலக்காவது கொடுத்திருக்கலாம்.

சங்கத்தில் இருப்பது தெரிந்தால் வேலை போகும் என்பதால், சங்கப் பத்திரிகைக்கு 'கிரேஸ் டேர்' என்ற புனைபெயரில் எழுதினாள். தங்குமிடத்தில் மற்ற பெண்கள் தூங்கின பிறகு, விதிக்கு விரோதமாக மெழுகுவர்த்தி ஏற்றி, வெளிச்சம் தெரியாமல் மறைத்துக்கொண்டு எழுதினாள். பிறகு ஓர் ஆய்வு அமைப்புக்காக உளவாளியாகவும் போனாள்: கடை கடையாக வேலைக்குச் சேர்வது, நடப்பதைக் குறித்துக்கொள்வது, அடுத்த கடைக்கு நகர்வது. ஜேம்ஸ் பாண்டுக்கு முன்னால் வந்த பாண்ட். துப்பாக்கி இல்லை, முழக்கோல்தான்.

1898-ல் சங்கத்தின் உதவிச் செயலாளர் ஆனபோது உறுப்பினர்கள் 3,000 பேருக்கும் குறைவு. நாட்டில் கடை வேலை பார்த்தவர்களோ பல லட்சம். ஊர் ஊராகப் போய்க் கோட்டுக்காரர்களிடம், ஐயா, உங்கள் காலரைக் கழற்ற வேண்டாம், சந்தா மட்டும் கொடுங்கள் என்று பேசிப் பேசியே பத்து வருஷம் ஓட்டினார் அம்மையார். (இனி 'ஆள்' இல்லை, 'ஆர்' தான்; பதவி வந்தால் நாமும் மாறுகிறவர்கள்தானே.) 1899-ல் தொழிற்சங்கப் பேராயத்துக்குப் போனபோது அங்கிருந்த ஒரே பெண் பிரதிநிதி அவர். தொழிலாளர்களுக்குத் தனிக் கட்சி வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது அந்தக் கூட்டத்தில்தான். 1911-ல் கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் அரைநாள் விடுமுறை சட்டமானது. மசோதாவைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். அந்த ஆள் உருப்படியாகச் செய்தவற்றில் இதையும் சேர்த்துக்கொள்வோம்.

ஒயிட்லி அண்ணாச்சிக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1907 ஜனவரியில் ஓர் இளைஞன் கடைக்குள் வந்து, நான் உங்கள் மகன் என்றான். அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை, அவன் சுட்டுவிட்டான். 176 விதியிலும் இதற்கு ஒன்றும் இல்லை. உயிலைப் பிரித்தால், வயதான ஏழைகள் தங்க வீடு கட்டப் பத்து லட்சம் பவுண்டு எழுதி வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் நிற்கவைத்தவர், அறுபதுக்கு மேல் உட்கார இடம் கொடுத்தார்.

பாண்ட்ஃபீல்டுக்கு நாற்காலி வந்தது 1929-ல். பிரிட்டிஷ் அமைச்சரவையில் முதல் பெண், அதுவும் தொழிலாளர் அமைச்சர். நேரம் பாருங்கள்: அவர் உட்கார்ந்த சில மாசத்தில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, கஜானா இறங்கிக்கொண்டே போனது. 1931-ல் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு அவர் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் கல்யாணமான பெண் தொழிலாளர்களைத்தான் அதிகம் அடித்தன. உதவித்தொகையையே குறைக்கலாம் என்றதற்கும் அமைச்சரவையில் அவர் தலையாட்டினார். தொழிற்சங்கங்கள் கொதித்தன, அரசு கவிழ்ந்தது. அக்டோபர் தேர்தலில் வால்சென்ட் தொகுதிக்காரர்கள் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1935-ல் மறுபடியும் அதே வால்சென்டில் நின்றார். அவர்கள் உட்காரவிடவில்லை.