நாலு வரியில் ஒரு அவமானம்

சென்ற சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பொங்கல் விழாக் கணக்கை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் செல்போன் மனைவியின் கையில். மனைவி மதுரையில் இருக்கும் என் மாமியாரோடு லைனில். அந்த போன் அன்றைக்குத் திரும்பி வராது. கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்தது, லீவுக்கு வந்திருந்த அக்கா மகனுடைய டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். மூடி தொலைந்து, முதுகில் மார்க்கரால் பெயர் எழுதி, புத்தகப் பைக்குள் வாழைப்பழத்தோடு குடித்தனம் நடத்தும் அதே ஜந்து.

வாழையிலை 48 டாலர், பச்சரிசியும் வெல்லமும் 35. கூட்டினேன். 84 என்றது. எனக்குச் சின்ன வயதில் தொடையைக் கிள்ளிக் கூட்டல் சொல்லிக்கொடுத்தவர்கள் 83 என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய மெஷின் ஒன்று சொல்லும்போது குறுக்கே பேச நான் யார்? எழுதிக்கொண்டேன். ஹால் வாடகை, கோலப்பொடி, பாட்டுப் போட்டிப் பரிசு என்று வரிக்கு வரி போய், கடைசியில் செலவு ரசீதுகளை மிஞ்சிக்கொண்டு நின்றது. கமிட்டியில் யார் கை வைத்தார்கள் என்று மனதுக்குள் விசாரணைக் கமிஷன் அமைத்தேன். இரண்டு தூக்கு சுண்டலைக் காசு வாங்காமல் கொண்டுவந்த ஒரு நல்ல மனிதரையும் சந்தேகப்பட்டேன். இவ்வளவு சுண்டலை ஒருவர் சும்மாவா கொடுப்பார்?

மாடிப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "மாமா, பிராங்க் மாமா! ஜஸ்ட் ஃபோர் லைன்ஸ்!"

ஏமாந்ததில் எனக்குக் கோபமில்லை, நம்புங்கள். நாலே வரியில் ஏமாற்றினான் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அந்த நாலு வரி உங்களுக்கும் தெரியும். ஒரு லேபிள். ஒரு இன்புட், கேள்விக்குறி வராமலிருக்க அதற்கு முன்னால் வெற்று மேற்கோள். நீங்கள் 48+35 என்று தட்டி என்டர் அமுக்கினால் இன்புட்டே கூட்டி வைத்துக்கொள்ளும். அடுத்தது டிஸ்ப், அது ஒன்றைச் சேர்த்து, நிஜ விடை வருகிற அதே வலது ஓரத்தில் காட்டும். பிறகு கோட்டூ, மறுபடி மேலே. ஐந்தாவதாக, தொடக்கத்தில் திரையைத் துடைக்கும் கிளியர்ஹோம் என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும். பயல் போடவில்லை. அதனால் புரோகிராமின் பெயர் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருந்தது. பெயர் என்ன தெரியுமா? 'பிராங்க்'. கன்னம் வைக்க வந்த திருடன் சுவரில் தன் விலாசத்தை எழுதிவிட்டுத் திருடியது மாதிரி. அதைப் பார்த்த பிறகும் நான் வாழையிலையைக் கூட்டினேன் என்பது வேறு விஷயம், அதை விடுங்கள்.

கால்குலேட்டரில் குறும்பு செய்யும் இந்தக் கலைக்கு மூன்று விதிகள் உண்டு. மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் இன்றைக்கு எழுந்திருப்பேன். முதல் விதி: உழைப்பு தெரியவே கூடாது, ஆனால் இருக்க வேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். நான் டல்லாஸ் பக்கம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எல்லோர் கையிலும் டிஐ-83 பிளஸ். 1999இல் வந்த மாடல். உள்ளே இசட்-80 பிராசஸர். அது 1976இல் பிறந்தது, வகுப்பில் இருந்த அத்தனை பேரையும் விட மூத்தது. ஆனாலும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. டிஐ கம்பெனியின் தலைமையகமும் டல்லாஸில்தான் என்பதால், அந்த மெஷினை உள்ளூர்ப் பலகாரம் போலக் கொஞ்சம் உரிமையோடு கையாண்டோம். பரீட்சைக்கு முன்னால் டீச்சர் ஒரு கட்டளை போடுவார்: எல்லோரும் மெமரியை அழியுங்கள். செகண்ட், மெம், 7, 1, 2. அழிந்ததும் திரையில் 'ரேம் கிளியர்டு' என்று வரும். அவர் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு திரையையும் குனிந்து பார்ப்பார். ஆக, அழிக்காமலே அந்த இரண்டு சொல்லையும் திரையில் வரவைத்தால் தீர்ந்தது. இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா?

கஷ்டம் சின்ன எழுத்தில். 'ரேம்' பெரிய எழுத்து, பிரச்சினை இல்லை. ஆல்ஃபாவை அமுக்கித் தட்டிவிடலாம். 'கிளியர்டு' முழுக்கச் சின்ன எழுத்து. அந்தக் கால்குலேட்டரில் சின்ன எழுத்துக்குப் பொத்தானே கிடையாது. பெரிய எழுத்தில் போட்டால் டீச்சர் மூன்றடி தூரத்தில் கண்டுபிடித்துவிடுவார். நாங்கள் சோர்ந்துபோயிருந்த சமயத்தில் பின் பெஞ்சு மகான் ஒருவன் கண்டுபிடித்தான்: வார்ஸ் மெனுவுக்குள் போய், ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குள் போய், இக்யூ என்ற பகுதிக்குள் போனால், ரிக்ரஷன் சமன்பாட்டின் கெழுக்கள் சின்ன எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஏ, பி, சி, டி, இ, கூடவே ஆர். எங்களுக்குத் தேவையானவை சி, எல், இ, ஏ, ஆர், இ, டி. எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. சின்ன எல்.

அந்த ஒரு எல்லுக்காக நாங்கள் பட்ட பாடு! ஒன்று என்ற எண்ணைப் போட்டுப் பார்த்தோம். அடியில் கால் முளைத்து ஒன்று என்றே தெரிந்தது. பெரிய ஐயைப் போட்டோம். இரண்டு பக்கமும் தொப்பி. மொத்தத் திரையே 96க்கு 64 புள்ளி. அதில் ஒரு புள்ளி தள்ளி நின்றாலும் உறுத்தும். இந்த ஆராய்ச்சி நடந்த காலத்தில் வகுப்பில் மடக்கை நடந்துகொண்டிருந்தது. மேஜைக்கு மேலே மடக்கை, கீழே எல். கடைசியில் மடக்கைதான் எங்களைக் காப்பாற்றியது. கீபோர்டின் இடது ஓரத்தில் எல்என் என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, இயல் மடக்கைக்கு? அதை அமுக்கினால் சின்ன எல், சின்ன என், ஒரு அடைப்புக்குறி என மூன்றும் சேர்ந்தாற்போல் விழும். பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டாம்! முதலில் அவுட்புட் கட்டளையால் 'ரேம்', இடைவெளி, சி, அதோடு அந்த மூன்றையும் எழுது. பிறகு இன்னொரு அவுட்புட்டை ஏழாவது கட்டத்திலிருந்து தொடங்கு. இ, ஏ, ஆர், இ, டி என்று அது வரும்போது அந்த 'என்'னும் அடைப்புக்குறியும் அடியில் போய்ச் செத்துவிடும். எல் மட்டும் பிழைத்திருக்கும்.

அதோடு முடிந்ததா? புரோகிராம் முடிந்தால் வலது ஓரத்தில் 'டன்' என்று ஒரு சொல் வந்து காட்டிக்கொடுக்கும். அதைத் தடுக்க முடியாமல் வைல் சுழற்சி போட்டு நிறுத்தி வைத்தால், மேல் மூலையில் ஒரு குச்சி ஓடிக்கொண்டே இருக்கும், 'உள்ளே ஏதோ நடக்கிறது' என்று. பாஸ் போட்டால் அதே குச்சி புள்ளி புள்ளியாக ஓடும். டீச்சர் ஆன் பொத்தானைத் தொட்டால் போச்சு. 'எர்ரர் பிரேக்', கீழே குவிட், கோட்டூ. கோட்டூவை அமுக்கினால் குற்றவாளியின் கோடையே திறந்து காட்டிவிடும். இதற்கும் வழி இருந்தது. புரோகிராமின் கடைசிக் கட்டளை அவுட்புட்டாகவே இருந்தால் 'டன்' வராது. புரோகிராம் நிஜமாகவே முடிந்திருக்கும். கர்சர் நிஜமாகவே மினுக்கும். நிஜத் திரையின் மேல் பொய் எழுத்து. ஆன் பொத்தானை அமுக்கட்டுமே, அங்கே பிரேக் ஆக எதுவும் இல்லை. இதற்குப் பெயர் வேலைப்பாடு.

டீச்சர் வந்தார், குனிந்தார், தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு சின்னத் தகவலையும் சேர்த்துவிடுகிறேன். 83 பிளஸில் ஆர்க்கைவ் என்று ஒன்று உண்டு. புரோகிராமை அதற்குள் தள்ளிவிட்டால் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் விழும். அதன்பிறகு டீச்சர் அழிக்கச் சொன்ன ரேமை எத்தனை தடவை அழித்தாலும் அதன் மயிரிழை கூட உதிராது. அதாவது, எங்கள் மாபெரும் திட்டத்துக்கு அவசியமே இல்லை. இன்னொன்று, நான் அப்படி மறைத்து வைத்துக் காப்பாற்றிய புரோகிராம் எது என்று கேட்பீர்கள். அந்தப் பொய்த்திரைப் புரோகிராமைத்தான். வேறெதுவும் மெமரியில் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அக்கா மகனின் ஒன்று கூட்டும் புரோகிராமை இதோடு ஒப்பிட்டுவிட்டுச் சிரியுங்கள். அதையும் அவனே எழுதினானா என்று கேட்டேன். "இல்ல மாமா, ஃபிரண்டு கேபிள்ல அனுப்பினான்" என்றான். கேபிளில் வந்ததை வாங்குவதற்கு இவன் செய்த வேலை ரிசீவ் அமுக்கியது. என்னைக் கவிழ்க்க ஒரே ஒரு பொத்தான்!

புரோகிராமே இல்லாத குறும்புகளும் உண்டு, அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மோடில் போய் டிகிரியை ரேடியனாக்கிவிட்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்தால் போதும். சைன் 30, அரை என்று வர வேண்டியது மைனஸ் 0.988 என்று வரும். பக்கத்து சீட்டுக்காரன் பரீட்சை முடியும்வரை கடவுளோடு பேசிக்கொண்டிருப்பான். அது கொஞ்சம் பாவம். செகண்டை அமுக்கிவிட்டுக் கீழ் அம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் திரை வெளுத்துக்கொண்டே போய் வெறுமையாகிவிடும். இது பாவமில்லை, மேல் அம்பை அமுக்கினால் திரும்பி வந்துவிடும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது எதுவும் வேண்டியதில்லை. எஸ்ஏடி பரீட்சையே கணினிக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 2024 முதல் டெஸ்மாஸ் கால்குலேட்டர் பரீட்சைத் திரைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அழகான வண்ணம், வழுக்கிக்கொண்டு போகும் கோடுகள், பொய் சொல்லச் சொன்னால் சொல்லாது. வண்ணத்திரை வைத்த 84 பிளஸ் சிஇயிலோ 2020இல் அசெம்பிளி புரோகிராம்களையும் சி புரோகிராம்களையும் ஓடவிடாமல் செய்துவிட்டார்கள். பரீட்சையில் ஏமாற்றுகிறார்களாம். ஏமாற்றத்தான் செய்வார்கள்! ஏமாற்றுவதற்காக ஒரு பையன் இசட்-80யின் ரெஜிஸ்டர்களை மனப்பாடம் செய்கிறான் என்றால் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு இதில் பாதி உழைப்பு போதும் என்று அந்த மடையனுக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது விதிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அக்காவின் போன்.

ஞாயிறு சாயங்காலம் பையன் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், அவன் ஷூவைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில், செகண்ட், கீழ் அம்பு என்று நான் ஒரு சின்ன வேலை செய்திருந்தேன். புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள். "டேய், இவன் கால்குலேட்டர் செத்துப்போச்சுடா. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதிலிருந்து ஒண்ணுமே தெரியல. நாளைக்கு டெஸ்ட்டாம். புதுசு வாங்கணும்னு குதிக்கிறான். நீ கம்ப்யூட்டர்லதானே வேலை செய்யற, என்னன்னு பார்த்துச் சொல்லேன்."

நாலு வரியில் மாமாவைக் கவிழ்த்த கோடர், பின்னால் சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"பேட்டரிய மாத்திப் பாருக்கா" என்றேன். "நாலையும் மாத்தணும்."