நிலாவுக்குப் பதில் நாமக்கல்

இரும்புலியூரில் பைபாஸுக்குத் திரும்ப முடியாமல் நிற்கிற வண்டிக்காரருக்கு விண்வெளி வரலாற்றை அசைபோட நிறைய நேரம் உண்டு. வடக்கே குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., அப்துல் கலாம் படித்த இடம். மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம் பொறியியல் கல்லூரி, சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் படித்த இடம். ராக்கெட்டைக் கடலில் போட்டவருக்கும் லேண்டரை நிலாவில் இறக்கியவருக்கும் நடுவே ஒரு டிராஃபிக் ஜாம்.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி.-3 புறப்படுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது. திண்ணையில் உட்கார்ந்து "பூனை குறுக்கே போயிடுச்சு, கிளம்பாதே" என்கிற தாத்தாவுக்கு உள்ள மரியாதைதான் அன்று அதற்கும். நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: கசிவு இருக்கிறது, ஆனால் கையிருப்பு போதும். கலாம் கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டு ராக்கெட்டை ஏவினார். (நான் கிளப்பிவிட்ட வதந்தி அல்ல, பிற்காலத்தில் மேடை மேடையாக அவரே சொன்னது.) முதல் கட்டம் ஜோர். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. 317 வினாடியில் கதை முடிந்து, ராக்கெட் வங்கக்கடலில் குளித்தது.

பத்திரிகைக்காரர்களின் கேள்விகளுக்கு முகம்கொடுத்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறுவருஷம் ஜூலை 18-ல் ராக்கெட் ஜெயித்தபோது, "நீங்க போங்க" என்று கலாமை அனுப்பிவைத்தார். இப்படியொரு மேலதிகாரி வாய்த்தால் கம்ப்யூட்டர் பேச்சை எவன் கேட்பான்?

கம்ப்யூட்டர் பேச்சை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் ஒரு வழி அப்புறம் வந்தது. அமெரிக்காவில் கென்ட் பெக் என்பவர், மென்பொருள் எழுதுகிறவர்களிடையே ‘டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட்’ என்று ஒரு வழக்கத்தைப் பிரபலமாக்கினார். முதலில் டெஸ்ட் எழுது. புரோகிராம்தான் இல்லையே, டெஸ்ட் தோற்கும்; சிவப்பு எரியட்டும். பிறகு பச்சை எரிகிற அளவுக்கு மட்டும் புரோகிராம் எழுது. பழைய புத்தகம் ஒன்றில் படித்ததைத்தான் தூசி தட்டினேன் என்று அவரே சொல்லிவிட்டார், நல்ல மனுஷன்.

வெப்சைட் கட்டுகிறவர்கள் தலையாட்டினார்கள். சிப்புக்குள் புரோகிராம் ஏற்றுகிற எம்பெடட் ஆசாமிகள் மசியவில்லை. "போர்டே இன்னும் வரலை சார், எதுல டெஸ்ட் பண்றது?" கால் நூற்றாண்டாக இது ஒரு தங்கமான சாக்கு. ஜேம்ஸ் கிரென்னிங் 2011-ல் இதற்குப் பதிலாக ஒரு புத்தகமே போட்டார். போர்டுக்காகக் காத்திருக்காதே, மேஜைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டு, சென்சாருக்குப் பதில் ஒரு பொய் சென்சாரை வை. நிஜ சென்சார் வருஷத்துக்கொரு தடவை உளறும், அதுவும் வாடிக்கையாளர் முன்னால். பொய் சென்சாரோ கேட்டபோதெல்லாம் உளறிக் காட்டும்.

இஸ்ரோவுக்கு வந்து சேராத போர்டு, நிலா. ஆகவே நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குப் போனார்கள். அங்கே கிடைக்கிற அனார்த்தசைட் பாறையை இடித்தால் நிலாவின் மேட்டுநில மண்ணுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. மண் ரெடி.

ஆனாலும் 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நிலாத் தரையில் மோதியது. ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உந்தின. பிழை சேர்ந்துகொண்டே போனது. திருத்திக்கொள்ள வேகமாகத் திரும்ப வேண்டும். மென்பொருளோ ‘இவ்வளவுதான் திரும்பலாம்’ என்று வரம்பு போட்டிருந்தது. போதாக்குறைக்கு 500 மீட்டருக்கு 500 மீட்டர் மனையில்தான் இறங்கியாக வேண்டும்.

அடுத்த தடவை எது ஜெயிக்கும் என்று பார்க்காமல், எதெல்லாம் கெடும் என்று பட்டியல் போட்டு வடிவமைத்ததாக அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். யாரும் கிரென்னிங்கைப் படித்துவிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் முதலில் சிவப்பு எரியட்டும் என்கிற அதே புத்திதான். லேண்டரின் சென்சார்களை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டார்கள். டவர் கிரேனில் தொங்கவிட்டு என்ஜினை மூட்டிப் பார்த்தார்கள். கால்களைப் போலி நிலா மண்ணில் விதவிதமாக இறக்கினார்கள். மனையையும் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராகப் பெருக்கிக்கொண்டார்கள். நிலாவில் பட்டா யார் கேட்கிறார்கள்?

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3-ன் விக்ரம் பத்திரமாக இறங்கியது. அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். செப்டம்பர் 3-ம் தேதி மறுபடி என்ஜினை மூட்டி, 40 சென்டிமீட்டர் தாவவைத்துப் பார்த்தார்கள்.