வாய் ராசி

என்னிடம் இருப்பது ஒரே கார். அபிப்பிராயம் மட்டும் எல்லாக் கம்பெனி மேலும் உண்டு. உறவில் யார் கார் வாங்கக் கிளம்பினாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஸ்டியரிங்கின் கனம், வளைவில் வண்டி சாய்கிற சாய்வு, பிரேக் அடித்தால் மூக்கு எவ்வளவு இறங்கும் என்று ஒரு மணி நேரம் விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேரே போய் ஒரு மாருதி வாங்கிவிடுவார்கள்.

தப்பே இல்லை. என் வாய் ராசி அப்படி. நான் புகழ்ந்த கார் நாட்டில் தங்காது. இது பள்ளிக்கூட வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. 1985-ல் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸிலிருந்து 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். மாப்பிள்ளை கோட்டுக்குள் தாத்தாவின் நுரையீரல். வகுப்பு முழுக்க அந்தக் காரின் புகழைப் பாடினேன். சில வருஷத்தில் ஆலையே மூடிவிட்டது.

பிறகு 2001-ல் ஃபியட் பாலியோ. விளம்பரத்துக்கு சச்சின் டெண்டுல்கர், சிபாரிசுக்கு நான். சச்சின் பங்கில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் ஃபியட் இன்று இங்கே கார் விற்பதில்லை. செவ்ரோலேயைப் புகழ்ந்தேன், 2017 முடிவோடு கடையைக் கட்டியது. வோக்ஸ்வாகன் போலோவைப் புகழ்ந்தேன், 2022-ல் நிறுத்தினார்கள். ஃபோர்டைப் பற்றிச் சொல்லவே வாய் கூசுகிறது. 1999-ல் மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தபோது நான் மனிதனாகவே இல்லை. 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மிதித்தால் ஓட்டுகிறவனுக்குச் சிரிப்பு வரும், பங்க் முதலாளிக்கும் வரும். அதற்குப் பிறகு வந்த ஃபோர்டுகளையும் விட்டுவைக்காமல் புகழ்ந்தேன். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். ஜிஎஸ்டி சாலையில் அந்த ஆலையைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மாருதியை நான் புகழ்ந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, 1983 டிசம்பரில் இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவர் கையில் முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து அந்தக் கம்பெனி அசையாமல் இருக்கிறது. ஒருமுறை மச்சினனிடம் ஜெர்மன் கார் ஒன்றின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான்: "நீங்க சொல்ற வண்டியில ஸ்டியரிங் நல்லாருக்கும் அத்தான். நான் வாங்குற வண்டிக்கு உளுந்தூர்பேட்டையில மெக்கானிக் இருப்பான்." கார் விமர்சனம் என்று நான் இத்தனை காலம் பேசியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நிற்காது.

ஆனால் இப்போது அந்த மச்சினனுக்கும் வேறு நோய் பிடித்திருக்கிறது. உயரம். நாட்டில் விற்கிற கார்களில் பாதிக்கும் மேல் இன்று எஸ்யூவி. 2024-ல் அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். அதன் நீளம் நான்கு மீட்டர் கூடக் கிடையாது. நான்கு மீட்டர் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் அடங்கி, எஞ்சினும் சின்னதாக இருந்தால் அது சின்னக் கார், வரி குறைவு என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், கம்பெனிகளின் இன்ச் டேப்பெல்லாம் வெளியே வந்தது. 2008-ல் பிறந்த மாருதியின் முதல் டிசையர் 4.16 மீட்டர். 2012-ல் அடுத்த டிசையர் வந்தபோது 3.995. முக்கால் சாண் வாலை நறுக்கிவிட்டார்கள்! முன்பக்கம் குடும்பப் பெண் மாதிரி கௌரவமாக இருக்கும், பின்பக்கம் யாரோ கதவிடுக்கில் நசுக்கின மாதிரி இருக்கும். ஃபோர்டின் எக்கோஸ்போர்ட் என் செல்லம்தான், ஆனால் அதுவும் 3,999 மில்லிமீட்டரில் வந்து நின்றது. ஒரு மில்லிமீட்டரில் வரி தப்பிக்கிற சாமர்த்தியம் நம் மண்ணுக்கு வந்த பிறகுதான் வரும்.

இன்றைக்கும் அதே கோடுதான். 2025 செப்டம்பரில் மாறிய ஜிஎஸ்டியில் சின்னக் காருக்கு 18 சதவீதம், பெரிய காருக்கு 40. எனவே கம்பெனிகள் ஒரு கொள்கைக்கு வந்திருக்கின்றன: வரி கட்டும்போது சின்னக் கார், விளம்பரத்தில் எஸ்யூவி. சாதாரண ஹேட்ச்பேக் ஒன்றைப் பிடித்து, கொஞ்சம் தூக்கி நிறுத்தி, சக்கரத்துக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக்கில் மீசை வைத்து, கூரையில் இரண்டு கம்பி ஒட்டினால் ஆயிற்று. அந்தக் கம்பியில் எதையாவது கட்டிக்கொண்டு போனவரை நான் பார்த்ததில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இவற்றில் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். நிஜமாகவே அப்படி ஒரு மஹிந்திரா தார் வாங்கினவர் எங்கள் தெருவில் இருக்கிறார். காடு, மலை, ஆறு எதற்கும் அஞ்சாத வண்டி. இதுவரை அது கண்ட பெரிய காடு, மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப்போட்ட பள்ளம்.

நியாயமும் பேச வேண்டும். நம் வேகத்தடைகளை அமைத்தவர்கள் தாழ்ந்த கார்களின் ஜென்ம விரோதிகள். மழைக்காலத்தில் வேளச்சேரியில் இருப்பவரிடம் போய் தாழ்வான செடானின் அழகைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார். சரி, உயரம் வேண்டும். ஆனால் உயரமான வண்டியை வாங்கிவிட்டு, அதில் மாமியாரை ஏற்ற ஒரு பிளாஸ்டிக் முக்காலியை டிக்கியில் வைத்துக்கொண்டு அலைகிறார்களே, அதற்கு என்ன சொல்வது?

அடுத்தது திரை. டாஷ்போர்டு முழுக்கத் தொலைக்காட்சிப் பெட்டி. ஏசியைக் குறைக்கக்கூட அதற்குள் போய் மெனு தேட வேண்டும். சுவீடனில் ஒரு கார்ப் பத்திரிகை 2022-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஏசி, ரேடியோ போன்ற சின்னச் சின்ன நான்கு வேலைகளை, மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டும். பொத்தான் வைத்த 2005 மாடல் வோல்வோவில் பத்தே விநாடியில் முடிந்தது. புத்தம் புது எம்ஜி மார்வெல் ஆரில் கிட்டத்தட்ட 45 விநாடி. அந்த நேரத்துக்குள் கார் 1,372 மீட்டர் ஓடிவிட்டது. கண் திரையில், கார் அடுத்த ஊரில்! பத்துப் பதினைந்து பொத்தான் செய்து கம்பி இழுப்பதைவிட ஒரு கண்ணாடியை ஒட்டுவது மலிவு. அதையே சொகுசு என்று நம்மிடம் விற்றுவிட்டார்கள். நல்லவேளை, ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் தருகிற யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் வைக்காதவனுக்கு மார்க்கைக் குறைப்பேன் என்று மிரட்டியிருக்கிறது. வோக்ஸ்வாகனும் பொத்தானுக்குத் திரும்புகிறேன் என்கிறது. அதைப் புகழலாமா என்று யோசிக்கிறேன். வேண்டாம், பாவம்.

பிஎம்டபிள்யூ இன்னும் ஒரு படி மேலே போனது. சீட்டைச் சூடாக்குகிற வசதி காரில் ஏற்கெனவே இருக்கும். அதை முடுக்க மாதச் சந்தா. 2022-ல் சில நாடுகளில் ஆரம்பித்து, திட்டு வாங்கி, அடுத்த வருஷம் கைவிட்டார்கள். சென்னைக்கு வந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மே மாதம் அண்ணா சாலையில் அரை மணி நேரம் நிறுத்தினால் சீட், ஸ்டியரிங், பெல்ட் பக்கிள் எல்லாம் சந்தா இல்லாமலே சூடாகும். இந்த ஊரில்தான் சன்ரூஃப் இல்லாத காரை வாங்க மாட்டேன் என்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து ஜன்னலுக்குத் திரை போடுகிறவன், கூரையில் ஓட்டை கேட்டுக் கூடுதல் பணம் கட்டுகிறான்.

தானாக பிரேக் போடுகிற, முன்வண்டிக்குத் தானாக இடைவெளி விடுகிற கார்களும் வந்துவிட்டன. தாம்பரம் தாண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். கார் மரியாதையாக இடைவெளி விட்டது. அதில் ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்தது. கார் மறுபடி இடைவெளி விட்டது. இரண்டு பைக். மறுபடியும் விட்டது. இந்தக் கணக்கில் போனால் செங்கல்பட்டுக்குப் பதில் பின்னோக்கிப் பல்லாவரம் போய்ச் சேர்ந்திருப்பேன்.

பெயர் வைப்பதில் எனக்குப் பிடித்தவர்கள் மஹிந்திராக்காரர்கள். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சைலோ என்று பெரும்பாலும் 'ஓ'வில் முடிய வேண்டும். எக்ஸ்யூவி 500-ஐ 'ஃபைவ் டபுள் ஓ' என்று படிக்கச் சொல்லி ஓவைக் காப்பாற்றினார்கள். கார் ஓடுகிறதோ இல்லையோ, பெயர் ஓட வேண்டும் என்பது ஜோசியம்.

எல்லாவற்றையும் திட்டிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாற்றத்துக்கு மனதாரக் கை தட்டுவேன். முன்பெல்லாம் காரின் பலத்தைச் சோதிக்கப் பெரியவர்கள் பானெட்டை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'டொம்' என்றால் நல்ல கார், 'டக்' என்றால் தகரம். 2014-ல் குளோபல் என்கேப் நிறுவனம் நம் கார்கள் ஐந்தை நிஜமாகவே மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம். 2018-ல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2024-ல், நம்புங்கள், மாருதி டிசையரும் வாங்கிவிட்டது. இப்போது பாரத் என்கேப் என்று நமக்கே சொந்தத் தேர்வு இருக்கிறது. கூரையில் ஓட்டை கேட்ட அதே ஜனங்கள்தான் ஏர்பேக் எத்தனை என்றும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

மின்சாரக் காரைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்க மாட்டேன். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் என்கிற மின்சாரக் கார்க் கம்பெனி 2025-ல்தான் ஆலை திறந்திருக்கிறது; நிறையப் பேருக்கு வேலை.

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஷோரூமுக்குப் போனால் திரையைக் காட்டுகிற பையனுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாவியைக் கேளுங்கள். பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஓடுகிற வண்டியில் ஏசியைக் குறைத்துப் பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிப்போய், முக்காலி இல்லாமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.