அஞ்சு ஸ்டாருக்கு அம்பது ரூபாயா?

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. வேலை கெடைச்சிடுச்சாமே, உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கினு போறா. வீட்டுல படுத்துக்கினே கூகுள் மேப்புல ஓட்டலுக்கு அஞ்சு ஸ்டார் குத்தணும், குத்துக்கு அம்பது ரூபா. நல்ல வேலைடா. காலையில தின்னது ஊரப்பாக்கத்துல பழைய சோறு, ஏப்பம் விடறது மணாலியில. "பெட்ஷீட்டு பளிச்சுனு இருந்தது, வெயிட்டர் தங்கமான மனுஷன்"னு எழுதிக்கீறியே, படிச்சேன். வண்டலூர் ஜூவைத் தாண்டாத பயலுக்கு இம்மாம் கற்பனை எங்கேர்ந்துடா வந்தது?

வெக்கப்படாத. பெரிய பெரிய ஆளுங்க செய்யற தொழில்தான். 2019 எலெக்‌ஷன் நேரத்துல ஃபேஸ்புக்காரனே வெளிய சொன்னான், அதுவும் ஏப்ரல் 1-ந் தேதியாப் பார்த்து. காங்கிரஸ் ஐ.டி. செல் ஆளுங்களோட சம்பந்தப்பட்டதுன்னு 687 பக்கம், கணக்கு எல்லாத்தையும் தூக்கினான். அதே நாள்ல சில்வர் டச்னு ஒரு கம்பெனியோட சம்பந்தப்பட்டதுன்னு வெறும் 15-ஐத் தூக்கினான். அது பா.ஜ.க.வைப் பத்தியும், காங்கிரஸ் பண்ணதா சொன்ன குத்தத்தைப் பத்தியும் பேசிக்கினு இருந்தது. அந்த 687-க்குப் பின்னாடி ரெண்டு லட்சம் பேரு. இந்தப் பதினஞ்சுக்குப் பின்னாடி 26 லட்சம் பேரு. கூலிக்கு மாரடிச்சாலும் தொழில் தெரிஞ்சு அடிக்கணும்டா.

நம்ம பக்கம் ஒருத்தனை "இருநூறு ரூபா"ன்னும் இன்னொருத்தனை "ரெண்டு ரூபா"ன்னும் கிண்டல் பண்றாங்க இல்ல? சீனாவுல கவர்மென்டுக்கு ஆதரவா பதிவு போடற கூட்டத்துக்கு அம்பது காசுக் கட்சின்னே பேரு. அமெரிக்காவுல வாத்தியாருங்க மூணு பேரு 2017-ல கணக்குப் போட்டாங்க, வருஷத்துக்கு சுமார் 44 கோடியே 80 லட்சம் பதிவு வருதுன்னு. எழுதினவங்க முக்கால்வாசி கவர்மென்ட் ஆபீஸ் ஆளுங்க. அந்த அம்பது காசைக்கூட யாரும் கண்ணுல காட்டினதா தெரியல, பாவம். ஆனா அவங்க சூட்சுமத்தை நீ கத்துக்கணும். எதிர்த்துப் பேசறவன்கிட்ட மல்லுக்கு நிக்கல, பேச்சை மாத்தி உட்டாங்க.

அதை இங்க போட்டுப் பாரு. ஏரிப் பக்கம் ஒருத்தன் மனை போட்டு விக்கறான். "மழை வந்தா முட்டிக்கால் தண்ணி"ன்னு எவனோ எழுதறான். நீ "இல்லவே இல்லை"ன்னு எழுதாத. அங்க கெண்டை பிடிச்சவன் நான், வந்து சொல்லிடுவேன். "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிஷம், விலை எங்கியோ போவும்"னு எழுது. கீழ நாலு பேரை உட்டு "ஆமா சார், ஆமா சார்"னு போடச் சொல்லு. தண்ணியைப் பத்திக் கேட்டவனே ரேட்டு கேக்க ஆரம்பிச்சிடுவான்.

சட்டம் கிட்டம்னு பயப்படாத. ரிவ்யூவுக்குன்னு 2022 நவம்பர்ல டெல்லியில ஐ.எஸ். 19000-னு ஒரு தரம் கொண்டாந்தாங்க. இஷ்டம் இருந்தா கடைப்பிடிச்சாப் போதும்னு அப்ப சொன்னாங்க.

சரி, உனக்கு இந்த வேலையைக் குடுத்த டெலிகிராம் குரூப்பைக் காட்டு. மொத நாளே நூத்தம்பது ரூபா வந்துச்சு, ஒத்துக்கறேன். இப்ப "பிரீமியம் டாஸ்க்"காமே? அஞ்சாயிரம் கட்டினா ஏழாயிரமாத் திரும்புமாமே? கீழ வரிசையா ஸ்கிரீன்ஷாட் வேற. "தேங்க்யூ மேடம், எனக்கு வந்துடுச்சு", "எனக்கும் மேடம்". ஏண்டா, போவாத ஓட்டலுக்கு நீ எழுதினியே, அதே கைதாண்டா இது. உனக்குன்னே எழுதிக்கீறான்.

2023 டிசம்பர்ல சென்ட்ரல் கவர்மென்ட் நூறு வெப்சைட்டுக்கு மேல முடக்கிச்சே, இதே கதைதான். எங்கியோ வெளிநாட்டுல உக்காந்துக்கினு நடத்தறானுங்க. லைக் போடு, மேப்புல ஸ்டார் போடுன்னு ஆரம்பிப்பான், கொஞ்சம் கமிஷன் குடுப்பான், பெருசாக் கட்டினதும் பணத்தை முடக்கிடுவான். அவன் குறி வெக்கறது ரிட்டையர் ஆனவங்க, பொம்பளைங்க, வேலையில்லாத பசங்க. ரயில்வே பென்ஷன் வாங்கற நானு, உங்கம்மா, நீயி. நம்ம வீட்டை எட்டிப் பார்த்துட்டுப் போன மாதிரி இல்ல?

ஒண்ணு பண்ணு. "தேங்க்யூ மேடம்" போட்டுக்கீறாளே ரோஜாப்பூ படத்துக்காரி, அவகிட்ட கேளு. உன் பேருல அவளே அஞ்சாயிரம் கட்டட்டும், வர்ற ஏழாயிரத்தையும் அவளே வெச்சுக்கட்டும். பதில் வந்தா எனக்குக் காட்டு. உன்னைக் குரூப்பை உட்டே தூக்கிட்டான்னா சைபர் கிரைம் புகார் நம்பர் 1930-க்கு போன் அடி. அதுக்கு முன்னாடி, உங்கம்மா செயின் பீரோவுலதான் இருக்குதான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வா.