கருட மார்க்கமும் மீனம்பாக்கமும்

இரண்டு ஊர்களுக்கு இடையே ஆகாய மார்க்கமாக இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்று கணக்குச் சொல்லுகிறவர்கள், பிரயாணி என்னும் ஜந்து விமானத்தின் ஆசனத்திலேயே பிறந்து, இறங்கும் இடத்திலேயே குடியிருக்கிறது என்று நம்புகிறார்களோ என்கிற சந்தேகம் எனக்கு வெகு நாளாக உண்டு. பெங்களூரிலிருக்கும் என் மாப்பிள்ளை அந்தக் கட்சி. "சென்னையிலிருந்து 270 கிலோமீட்டர்தான் மாமா, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம்" என்று டிக்கெட்டே வாங்கி அனுப்பிவிட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் பூகோள சாஸ்திரம் பேசுவது மரியாதையா?

பெங்களூர் நான் குடியிருக்கும் காஞ்சிபுரத்துக்கு மேற்கே இருக்கிறது, விமானம் ஏறவேண்டிய மீனம்பாக்கமோ கிழக்கே. ஆகவே மேற்கே போகவேண்டிய நான், இருட்டோடு எழுந்து, ஸ்ரீபெரும்புதூர் வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே சென்று, இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஆஜராகிப் பரிசோதனைக்கு நின்றேன். பெண்ணுக்காக எடுத்துப் போன கோயில் இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைத்த நீண்ட உருளையாதலால், அதிகாரியின் திரையில் என்ன ரூபத்தில் காட்சி கொடுத்ததோ, பையைத் திறக்கச் சொன்னார். சுக்கும் மிளகும் கலந்த வாசனை மூக்கை எட்டிய பிறகே ராஜ்யத்துக்கு அபாயமில்லை என்று தீர்மானமாயிற்று. பிறகு விமானம் கிளம்பி, விடியற்காலையில் நான் விட்டு வந்த ஜில்லாவின் தலைக்கு மேலாகவே என்னைத் தூக்கிச் சென்றது. தேவனஹள்ளியில் இறங்கி, நகரத்து வீதிகளில் ஊர்ந்து, மாப்பிள்ளை வீட்டுப் படியேறிய நேரத்துக்கு, காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியிருந்தாலும் வந்திருப்பேன். வழியில் வேலூரில் ஒரு காபியும் கிடைத்திருக்கும்.

ஆகாய மார்க்கத்தின் முழுப் பிரயோஜனத்தையும் அனுபவிப்பவர் எங்கள் ஊரில் வரதராஜப் பெருமாள் ஒருவரே. வருஷந்தோறும் வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிக்கு வரும் சோளிங்கபுரத்துத் தொட்டாசார்யர், ஒரு வருஷம் வர இயலாமல் அவ்வூர்த் தக்கான் குளக்கரையில் நின்று உருக, பெருமாள் கருடாரூடராய் அங்கேயே சேவை சாதித்தார் என்பது ஐதிகம். அதன் ஞாபகமாக இன்றும் கோபுர வாசலில் குடையால் பெருமாளைக் கணநேரம் மறைக்கிறார்கள். போக வர நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டருக்குக் குறையாத பிரயாணம் அதற்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே கருடன் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக் கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் போக, ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளிலேறி, நின்று நின்று, தீபாராதனை ஏற்று, மணிக்கணக்கில் நகரவேண்டியிருக்கிறது. தரையில் கால் பட்டால் பெருமாளுக்கும் தாமதந்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். நிலத்தை விடமாட்டோம் என்று அங்குள்ள ஏகனாபுரம் கிராமத்தார் போராடி வருகிறார்கள். காஞ்சிபுரத்தாருடைய சௌகரியத்துக்காக என்று யாரேனும் காரணம் எழுதுவார்களானால், அந்த ஜாபிதாவில் என் பெயரைச் சேர்க்கவேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்; எனக்குப் பஸ் போதும்.